ஒரே ஒரு மந்தமான பெட்டி

அத்தியாயம் 6

மாப்பிள்ளை காலையிலிருந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் நெடி அதற்குப் பாதிக் காரணம். மீதிக்குக் காரணம் அத்தை கையில் இருந்த நோட்டீஸ்.

“‘நர்ஸின் கவனக்குறைவே மரணத்துக்குக் காரணம் என்று கருதப்படுகிறது.’” அத்தை அதைச் சத்தமாகவே படித்தார். “கருதப்படுகிறதாம். யார் கருதினாங்கன்னு ஒரு பேர் இருக்கா பாருங்க, மாப்பிள்ளை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல ரப்பர் ஸ்டாம்பு. த்தூ!”

“துப்பாதீங்க அத்தை. இங்க துப்பினா அபராதம்னு போர்டு வச்சிருக்கான்.”

“மனசுக்குள்ளதான் துப்பினேன். அதுக்கும் போர்டு வச்சிருக்கானா?”

அத்தை அவனுக்கு மாமியார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளை மோப்பம் பிடிக்கும் உத்தியோகத்தில் தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு மட்டும் ஓய்வு பெற மறுத்ததால், ஒரு சலவைக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தார். மாப்பிள்ளையோ மென்பொருள் சோதிக்கிற வேலை போய், வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். ‘எனக்குத்தான் உபயோகமில்லை, எங்கம்மாவுக்காவது இருங்க’ என்று மனைவி அனுப்பி வைத்தாள். மாப்பிள்ளையை அதட்ட மாமியாருக்கு மரியாதை தடுத்தது. மாமியாரை எதிர்த்துப் பேச மாப்பிள்ளைக்குச் சம்பளம் தடுத்தது. ஆகவே இருவரும் வாங்க போங்க என்று பேசிக்கொண்டே ஒருவரையொருவர் வாரினார்கள்.

அத்தையின் கைப்பையில் ஒரு சோப்பு டப்பா உண்டு. பொய் சொன்னவன் கை குலுக்கினால், நேரே பக்கத்துக் குழாய்க்குப் போய்க் கையைக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. எந்தக் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் முன்னால் மாப்பிள்ளைக்கு அந்தச் சோப்பின் தீர்ப்பு தெரிந்துவிடும்.

வழக்கைக் கொண்டுவந்த நர்ஸ் அவர்களுக்கு முன்னால் நடந்தாள். சஸ்பெண்ட் ஆனதால் சீருடை இல்லை. வேலை செய்த இடத்துக்கே பார்வையாளராக வந்திருந்தாள். வாசலில் காவலாளி மூவரின் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு வெள்ளைப் பட்டையைச் சுற்றி ஒட்டியிருந்தான். பொது வார்டுக்கு வெள்ளை, தனி அறைகளுக்குப் பச்சை. ஒட்டினால் ஒட்டினதுதான், கத்தரியால் வெட்டினால்தான் வரும்.

“உங்க பொண்ணு கூட என்னை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சதில்ல அத்தை” என்றான் மாப்பிள்ளை.

“அவளுக்குக் கத்தரி எங்க இருக்குன்னு தெரியும்” என்றார் அத்தை.

நர்ஸுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மதியம் விசாரணை. அதில் அவள் குற்றவாளி என்று முடிவானால் மாலைக்குள் போலீஸ். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசற்படி ஏற விடாது.

வார்டில் இரண்டிரண்டு கட்டிலாகப் போட்டிருந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு பெட்டி. அந்த ஒரே பெட்டி இரண்டு நோயாளிகளுக்கும் குழாய் வழியாக மருந்து ஏற்றும். யாருக்கு எவ்வளவு என்று நர்ஸ் பட்டனை அழுத்திச் சொன்னால் போதும்.

“இறந்துபோன தையல்காரர் இந்தக் கட்டில்லதான் இருந்தார் மேடம். சின்ன ஆபரேஷன்தான். பக்கத்துக் கட்டில்ல தீக்காயக்காரர். ரெண்டு பேருக்கும் ஒரே வலி மருந்துதான். ஆனா தீக்காயக்காரருக்கு அளவு பல மடங்கு. தையல்காரருக்கு அன்னைக்கு வலி ஏறி இறங்கிட்டே இருந்துச்சு. டாக்டர் சொல்லச் சொல்ல அளவை மாத்திட்டே இருந்தேன். கடைசியா நான் வச்சது சின்ன அளவு. திரையிலயும் அதுதான் தெரிஞ்சுது. ஆனா உள்ள போனது பக்கத்துக் கட்டிலோட அளவு.” நர்ஸ் பெட்டியைக் காட்டினாள். “நான் பட்டன் மாத்தி அழுத்திட்டேங்கிறாங்க.”

தையல்காரரின் கட்டிலில் அதற்குள் வேறொருவர் படுத்திருந்தார். போர்வையைக்கூட மாற்றவில்லை என்பது அதன் மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

“இந்தப் பெட்டி?” என்றார் அத்தை.

“அதே பெட்டிதான். துணியால துடைச்சுட்டுத் திரும்ப மாட்டிட்டாங்க.”

ஒரு ஆளைக் கொன்ற பெட்டியைத் துடைத்து அடுத்த ஆளுக்கு மாட்டுவதற்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும் என்று மாப்பிள்ளையால் அளந்து பார்க்க முடியவில்லை.

வெளியே வரும்போது ஒரு தனி அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவர். அவருக்குப் பக்கத்துக் கட்டில் காலி. “யாரு, நம்ம நர்ஸம்மாவா? எங்கம்மா ஆளையே காணோம்? வா வா” என்று அவர் கூப்பிட, மூவரும் பட்டையின் நிறத்தை மறந்து உள்ளே போனார்கள். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. பெட்டியில் பக்கம் மாற்றும் பட்டனை மட்டும் அழுத்திப் பார்த்தான். திரை ரொம்ப நேரம் யோசித்து, பெருமூச்சு விட்டு, வேண்டாவெறுப்பாக மாறியது.

“என்ன இது, எங்க தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்த பெட்டியா?”

“இந்த ஒண்ணு மட்டும் இப்படித்தான் சார்” என்றாள் நர்ஸ். “மத்ததெல்லாம் தொட்டா ஓடும். இதுவும் காலையில ஸ்விட்ச் போட்டதும் நல்லாத்தான் ஓடும். நாலு தடவை அளவை மாத்தினா போதும், முக்கி முனக ஆரம்பிச்சிடும். புதுசு மாட்டலாம்னா பெரியவரோட மகன் ஒத்துக்க மாட்டேங்கிறாராம்.”

“என் பையன் சொன்னா அதுல ஒரு விஷயம் இருக்கும்மா” என்றார் பெரியவர் பெருமையாக.

அத்தை பெட்டியைப் பார்த்தார். காலிக் கட்டிலைப் பார்த்தார். பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

*

பெட்டிகளைச் செய்யும் கம்பெனியின் மேலாளர் நல்ல வாசனையாக இருந்தார். அறைக்குள் நுழைந்ததுமே மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்தது.

“பாவம், அந்த நர்ஸ்” என்று ஆரம்பித்தார் மேலாளர். “ஓய்வில்லாம வேலை. மனுஷங்க தப்புப் பண்றது சகஜம். எங்க பெட்டியில கோளாறு இருந்தா நானே முதல் ஆளா ஒத்துக்குவேன்.”

“இந்தப் புதுப் பெட்டிக்கும் பழசுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார் அத்தை.

“வேகம்தான் மேடம். முன்னாடி ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல கேப்பபிலிட்டின்னு ஒரு பாதுகாப்பு வச்சிருந்தோம். நினைவகத்துக்குப் பூட்டு மாதிரி.”

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் அவனுக்குச் சம்பளம்.

“நினைவகத்தை ஒரு பெரிய லாட்ஜுன்னு வச்சுக்கங்க அத்தை. சாதாரணமா ப்ரோகிராம் கையில ரூம் நம்பர் மட்டும்தான் இருக்கும். நம்பரைக் கூட்டிக் கழிச்சா எவன் ரூமுக்குள்ள வேணும்னாலும் எட்டிப் பார்க்கலாம். இந்தப் பூட்டுல நம்பரோட ஒரு அனுமதிச் சீட்டும் சேர்ந்தே வரும். இந்த ரூம்ல இருந்து இந்த ரூம் வரைக்கும்தான், பார்க்கலாம், எதையும் மாத்தக் கூடாதுன்னு. சீட்டைப் போலியா அடிக்க முடியாது. ஒரு அடி தாண்டிக் கால் வச்சாலும் மிஷினே காலரைப் பிடிச்சு நிறுத்திடும்.”

“நல்ல விஷயம்தானே. ஏன் கழட்டினீங்க?”

“சீட்டுக்கும் இடம் வேணுமே மேடம். ஒவ்வொரு முகவரியும் ரெண்டு மடங்கு ஆயிடும். கைக்கெட்டுற அலமாரில பாதிச் சாமான்தான் பிடிக்கும். மீதிக்கு ஒவ்வொரு தடவையும் பரணுக்கு ஏறணும். வேகத்துல மூணுல ஒரு பங்கு போச்சு. நான் சொல்லலை, பூட்டைச் செஞ்ச பொண்ணே தன் கையால சோதிச்சு, தன் வாயால ஒத்துக்கிட்டா. ‘பூட்டுக்காரி’ன்னு ஆபீஸ்ல பேரு அவளுக்கு. டாக்டருங்க பட்டனை அழுத்திட்டுக் கொட்டாவி விட முடியுமா? கழட்டிட்டோம்.”

“யார் ரூமை யார் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லைன்னு?”

“எங்க ப்ரோகிராம் அப்படியெல்லாம் எட்டிப் பார்க்காது மேடம். மருந்துக் கணக்கு நான் எழுதினது. இன்னைக்கு வரைக்கும் யாரையும் அதுல கை வைக்க விட்டதில்ல.” எழுந்து அத்தைக்குக் கை கொடுத்தார். “மதியம் விசாரணைக்கு நானும் வர்றேன். நர்ஸ் மேல கொஞ்சம் கருணை காட்டச் சொல்லுவேன்.”

சட்டைக் கை விலகியதில் விலை உயர்ந்த கைக்கடிகாரமும், அதன் வாருக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த பச்சைக் காகிதமும் தெரிந்தன. மேலாளர் சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

“கடிகாரத்துல விலைச் சீட்டைக்கூடப் பிரிக்கலை அத்தை” என்று வெளியே வந்ததும் மாப்பிள்ளை சிரித்தான். “பணக்காரன் கூட எங்களை மாதிரி கடைக்குத் திருப்பிக் கொடுத்துடுவான் போல.”

அத்தை சிரிக்கவில்லை. வராந்தாக் குழாயருகே நின்று சோப்பு டப்பாவை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். திரும்பப் பைக்குள் போட்டார்.

“கழுவலையா?”

“அந்த ஆள் சொன்னதுல பொய் இருக்கு. எதுன்னு இன்னும் தெரியலை. தெரியாம சோப்பை வீணாக்கக் கூடாது.”

*

பூட்டுக்காரியைக் கம்பெனிக் கட்டிடத்தின் நிலவறையில் கண்டுபிடித்தார்கள். திரும்பி வந்த பெட்டிகளைக் குவித்து வைக்கும் கிடங்கு அது. பெட்டிகளில் காய்ந்த மருந்து, பழுப்பேறிய குழாய்கள், எவர் உடம்பிலிருந்து வந்ததோ தெரியாத கறைகள். உள்ளே அடித்த வாடையில் மாப்பிள்ளை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். அந்தக் குவியலின் நடுவே உட்கார்ந்து ஒரு பெண் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிய கை அது.

“ராஜினாமா கொடுத்தேன். மேலாளர் வாங்கிக்க மாட்டேன்னுட்டார்” என்றாள். “கீழ போய்க் கொஞ்ச நாள் அடக்கம் கத்துக்கோன்னார்.”

மாப்பிள்ளைக்கு வாயில் வந்த கெட்ட வார்த்தையை மாமியார் பக்கத்தில் இருந்ததால் விழுங்க வேண்டியிருந்தது.

“உங்க பூட்டு உண்மையிலயே அவ்வளவு கனமாம்மா?” என்று கேட்டார் அத்தை.

“கணக்குப் போட்டா நூத்துக்கு மூணு, நாலுதான் குறையணும். சோதனைல முப்பதைத் தாண்டிடுச்சு. பல தடவை ஓட்டிப் பார்த்தேன். என்ன தப்புப் பண்ணினேன்னு இன்னைக்கு வரைக்கும் புரியலை. என் தப்புன்னு ஒத்துக்கிட்டேன்.”

“பூட்டோட இருக்கிற பெட்டி இப்ப எங்கயாவது இருக்கா?”

“சோதனைக்குன்னு ரெண்டு வச்சிருந்தேன். ஒண்ணு இதோ. இன்னொண்ணு காணோம். நான்தான் தொலைச்சேன்னு அதுக்கும் ஒரு மெமோ.”

“தொலையலைம்மா. நான் காலையில பார்த்தேன்.” அத்தை ஒரு கவிழ்ந்த பெட்டியின் மேல் கூச்சமில்லாமல் உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரியில ஒரு பெட்டி மட்டும் மந்தம். அதுவும் காலையில நல்லா ஓடுது, அளவை மாத்த மாத்தத்தான் மந்தமாகுது. என் கைப்பையில ஒரு சோப்பு டப்பா இருக்கு. அது கனம்னா வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் கனம், திரும்பி வரும்போதும் கனம். கிளம்பும்போது லேசா இருந்து, தெருவில இறங்கினதும் கனத்தா அது டப்பாவோட கனம் இல்லை. எவனோ பின்னாலிருந்து பையை இழுக்கிறான்.”

பூட்டுக்காரியின் கையிலிருந்த துணி நின்றது.

“இருக்க முடியாது மேடம். பூட்டு எதையாவது பிடிச்சிருந்தா பதிவு விழுந்திருக்கும். ஒவ்வொரு அத்துமீறலுக்கும் ஒரு வரி எழுதற மாதிரிதான் நான்...” அவள் பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்தது.

மாப்பிள்ளைக்குச் சட்டென்று புரிந்தது. “வேகச் சோதனை! பதிவை அணைச்சுட்டு ஓட்டியிருப்பீங்க!”

“எல்லாரும் அப்படித்தானே ஓட்டுவாங்க” என்றாள் ஈனக்குரலில்.

“கொஞ்சம் மனுஷ பாஷையில சொல்லுங்க” என்றார் அத்தை.

“பதிவு எழுதறதுக்கும் நேரம் பிடிக்கும் அத்தை. ஓட்டப் பந்தயத்துல அந்த நேரமும் கணக்குல சேர்ந்துடக் கூடாதுன்னு, வேகம் பார்க்கும்போது மட்டும் பதிவை அணைச்சிடுவோம். தொழில்ல இது பல் தேய்க்கிற மாதிரி. யாரும் யோசிச்சுப் பண்றதில்ல.”

“அதாவது திருடனைப் பிடிக்க நாய் வளர்த்து, குரைச்சா தூக்கம் கெடும்னு வாயைக் கட்டி வச்சிருக்கீங்க.”

“நாய் பிடிச்சா என்ன பண்ணும்?” என்று மாப்பிள்ளை பூட்டுக்காரியைக் கேட்டான்.

“அந்தக் கணக்கைக் குப்பையில போட்டுட்டு முதல்ல இருந்து கவனமா திரும்பப் போடும். நோயாளிக்கு மருந்து நடுவுல நிக்கக் கூடாதில்லையா, அதனால அப்படி எழுதினேன். சத்தமே இல்லாம நடக்கும். ஆனா நேரம் பிடிக்கும்.” அவள் அதற்குள் எழுந்து, பத்திரமாக வைத்திருந்த அந்த ஒரு பெட்டியை மேசைக்கு இழுத்திருந்தாள். பதிவைத் திறந்தாள். அளவை மாற்றினாள். திரும்ப மாற்றினாள். திரும்பத் திரும்ப மாற்றினாள்.

திடீரென்று வரிகள் கொட்டத் தொடங்கின. ‘அத்துமீறல், தடுக்கப்பட்டது. அத்துமீறல், தடுக்கப்பட்டது.’ திரை நிரம்பி வழிந்தது. எல்லா வரியிலும் ஒரே முகவரி.

பூட்டுக்காரி விரலால் தொட்டுக் காட்டினாள். “முதல் கட்டிலுக்கு ஒவ்வொரு தடவையும் வச்ச அளவெல்லாம் ஒரு வரிசையா எழுதியிருக்கும். அதை ஒட்டியே ரெண்டாவது கட்டிலோட வரிசை. முதல் வரிசை நிரம்பினதும், ப்ரோகிராம் ஒரு கட்டம் கூடுதலாப் போய்ப் படிக்குது. அது பக்கத்துக் கட்டிலோட கட்டம்.”

“பூட்டு இருந்தா?”

“பிடிச்சு நிறுத்தும். கணக்கை முதல்ல இருந்து போடும். மெதுவாகும்.”

“பூட்டு இல்லைன்னா?”

அவள் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. பூட்டு இல்லையென்றால் பக்கத்துக் கட்டில்காரரின் அளவை எடுத்து இந்தக் கட்டில்காரருக்கு ஏற்றிவிடும். ரொம்ப வேகமாக.

“வேகச் சோதனைல பட்டனை விடாம அழுத்துவீங்க” என்றார் அத்தை. “வரிசை எப்பவும் நிரம்பியே இருக்கும். எப்பவும் மெதுவாவே இருந்திருக்கும். உங்க பூட்டு மந்தம் இல்லைம்மா. திருடன் அத்தனை தடவை வந்திருக்கான்.”

பூட்டுக்காரி பிடிபட்ட நேரத்தையெல்லாம் கழித்துப் பார்த்தாள். நூற்றுக்கு மூன்றரை மிஞ்சியது. அவள் ஆரம்பத்தில் போட்ட கணக்கு அப்படியே. சிரித்தாளா அழுதாளா என்று மாப்பிள்ளையால் சொல்ல முடியவில்லை. கறையும் பிசுபிசுப்புமாக இருந்த அவள் கையை அத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். சோப்பு டப்பா பையிலேயே கிடந்தது.

“மேலாளருக்கு இது தெரிஞ்சிருக்குமா அத்தை?” படியேறும்போது மாப்பிள்ளை கேட்டான்.

“தெரியாம செஞ்சிருந்தா முட்டாள். தெரிஞ்சு செஞ்சிருந்தா வேற பேரு. எந்தப் பேருன்னு கேட்கத்தான் போறோம்.”

*

விசாரணை அறையில் தலைமை மருத்துவர் ஏற்கெனவே முடிவெடுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. மேலாளர் வாசனையோடு எதிரே அமர்ந்து, கருணை காட்டும்படி அழகாகப் பேசிக்கொண்டிருந்தார். கருணை காட்டச் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவளைத்தான் குற்றவாளியாக்கியது.

“டாக்டர்” என்றார் அத்தை. “இந்த விசாரணையை ஒரு தனி அறைக்கு மாத்தணும். பக்கத்துக் கட்டில் காலியா ஒரு பெரியவர் இருக்காரே, அங்க.”

மேலாளரின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக வாசனை குறைந்தது. “நோயாளியை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? அதோட, தனி அறைக்குள்ள போக உங்களுக்கு அனுமதி கிடையாதே.”

“எனக்கு இல்ல. என் கையில வெள்ளைப் பட்டைதான்” என்றார் அத்தை. “உங்க கையில பச்சை இருக்கே. கடிகாரத்துக்கு அடியில.”

மாப்பிள்ளை தன் தலையில் மானசீகமாக ஒரு குட்டு வைத்துக்கொண்டான். விலைச் சீட்டாம் விலைச் சீட்டு!

தலைமை மருத்துவர் சம்மதித்து எல்லோரும் அங்கே போனபோது பெரியவருக்கு மருந்து எதுவும் ஓடவில்லை. குழாயைக் கழற்றி வைத்திருந்தார்கள். கூட வந்திருந்த பூட்டுக்காரி பெட்டியில் கேபிளைச் சொருகிப் பதிவைத் திறந்தாள். அத்தை சொன்னபடி நர்ஸ் அளவை மாற்ற ஆரம்பித்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பெட்டி முனகியது. திரையில் வரிகள் கொட்டின. பூட்டுக்காரி நடந்ததை விளக்க விளக்க, தலைமை மருத்துவரின் முடிவெடுத்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

“அடடா!” என்றார் மேலாளர். அதற்குள் சமாளித்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! மேடம், உங்களுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். இது எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பூட்டைக் கழட்டியிருப்போமா? உடனே திருத்திடலாம். நர்ஸ் மேல தப்பில்லைன்னு நானே எழுதித் தர்றேன். யார் மேலயும் தப்பில்லை. தெரியாம நடந்தது.”

பூசி மெழுகிவிட்டார். நர்ஸ் தப்பித்தாள், கம்பெனி தப்பித்தது. தலைமை மருத்துவர்கூட நிம்மதியாகத் தலையாட்டினார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான். அத்தை பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, புதுப் பெட்டி வேண்டாம், இந்தப் பழசுதான் வேணும்னு உங்க மகன் பிடிவாதம் பிடிச்சாராமே. ஏன்னு சொன்னாரா?”

பெரியவருக்குக் கண் மலர்ந்தது. இத்தனை பேர் முன்னால் மகனைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பு. “சொன்னானே! புதுசுல ஒரு கோளாறு இருக்காம். பக்கத்துக் கட்டில் மருந்தை நமக்கு ஏத்தினாலும் ஏத்திடுமாம். அதனாலதான் பக்கத்துல ஆளே இல்லாத ரூமாப் பார்த்து எடுத்தான். அதுவும் பத்தாதுன்னு, ஆபீஸ்ல இருந்து இந்தப் பெட்டியைத் தன் கையாலயே தூக்கிட்டு வந்து...”

“அப்பா! சும்மா இருங்கப்பா!”

கத்தியவர் மேலாளர்.

தலைமை மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“தெரிஞ்சிருக்கு” என்று மாப்பிள்ளை முணுமுணுத்தான். “எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

மேலாளர் குரலை இறக்கினார். “வரிசை நிரம்பினாதான் வரும். எப்பவோ ஒரு தடவை. என் ப்ரோகிராம்ல தப்புன்னு வெளிய சொன்னா இத்தனை வருஷப் பேரு போயிடும். அடுத்த மாடல்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு இருந்தேன். இது எங்கப்பா மேடம். எந்த மகனும் இதைத்தான் செய்வான்.”

“ஆமா, செய்வான்” என்றார் அத்தை. “அப்பாவுக்குப் பூட்டுப் போட்டதைத் தப்புன்னு நான் சொல்லலை.”

தலைமை மருத்துவர் வராந்தாவுக்குப் போய்க் குரல் கொடுத்தார். புதுப் பெட்டிகள் அத்தனையும் இந்த நிமிஷமே அணைக்கப்பட வேண்டும், பழையபடி கையால் மருந்து ஏற்ற வேண்டும், போலீஸுக்கும் சொல்ல வேண்டும். வார்டு முழுக்கச் செருப்புகள் ஓடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து, முதல் வேலையாக ஒரு நாற்காலியை இழுத்து நர்ஸுக்குப் போட்டார். அவள் உட்காரவில்லை.

பெரியவருக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?”

“ஒரு தையல்காரர், ஐயா” என்றார் அத்தை. “வார்டுல இருந்தார். பக்கத்துக் கட்டில் மருந்து ஏறிடுச்சு. போயிட்டார்.”

மேலாளர் அருகே வந்து போர்வையைச் சரிசெய்யக் கை நீட்டினார். பெரியவர் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், அழுக்குக் கை பட்டுவிடக் கூடாது என்பதுபோல.

“அவருக்குப் புள்ளைங்க யாரும் இல்லையா?” என்று கேட்டார்.

“ஒரு மகள் இருக்கா. ஆனா அவ இந்தக் கம்பெனியில வேலை பார்க்கலை.”

மேலாளர் வெளியேறினார். அவர் நின்ற இடத்தில் அந்த வாசனை மட்டும் போக மனமில்லாமல் நின்றது. மாப்பிள்ளை ஜன்னலைத் திறந்து விட்டான்.

“அத்தை, குழாய் அந்தப் பக்கம்” என்றான்.

அத்தை சோப்பு டப்பாவைத் தொடக்கூட இல்லை. “கை குலுக்கினதுக்குத்தான் சோப்பு, மாப்பிள்ளை. இதெல்லாம் அதுல போகாது.”

பெரியவருக்கு மருந்து கொடுக்க வேண்டிய வேளை. இந்த ஒரு பெட்டியை மட்டும் நம்பலாம் என்று தலைமை மருத்துவர் தலையசைத்தார். நர்ஸ் குழாயை மாட்டினாள். அளவை வைத்துப் பட்டனை அழுத்தினாள். பெட்டி முனகியது, எதையோ பிடித்து நிறுத்தியது, கணக்கை முதலிலிருந்து போட்டது. அத்தனை பேரும் நின்றபடி காத்திருந்தார்கள். அது மெதுவாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.